நங்கூரத்தில் நிற்கும் படகில் வெந்நீருக்கு எத்தனை வாட் இன்வெர்ட்டர் வேண்டும்?

நீங்கள் கேட்டதை முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். பத்து மீட்டர் நீளப் பாய்மரப் படகு, அதில் நீங்கள் இருவர். படகுத்துறையில் கட்டியிருந்த வரை கரை மின்சாரத்தில் 20 லிட்டர் ஹீட்டர் டேங்க் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இனி வாரக்கணக்கில் நங்கூரத்தில் நிற்கப் போகிறீர்கள். கையில் இருப்பது மொத்தம் 220 ஆம்ப்-அவர் லெட் ஆசிட் பேட்டரி, 200 வாட் சோலார் பேனல், ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், ஒரு டீசல் இன்ஜின். டேங்கில் உள்ள 230 வோல்ட், 1200 வாட் எலிமென்டை ஓட்ட எத்தனை வாட் இன்வெர்ட்டர் வாங்குவது, காற்றாலை உதவுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நேரான பதில்: 2000 வாட் இன்வெர்ட்டர் அந்த எலிமென்டைத் திணறாமல் ஓட்டும். ஆனால் உங்களுக்கு வேண்டியது இன்வெர்ட்டர் இல்லை, தினமும் ஆளுக்கு ஒரு வாளி வெந்நீரும், மறுநாள் காலையில் உயிரோடு இருக்கும் பேட்டரியும். அப்படிக் கேட்டால் பதில் வேறாகிவிடுகிறது. அதனால் அந்தப் பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள்.

நான் படகுகளில் மின்வேலை பார்க்கிறவன். பதினெட்டு வருடமாக இதுதான் தொழில். இன்ஜின் பக்கம் ஹோஸ் மாற்றுவது, ஹீட்டர் டேங்க் பொருத்துவது வரை என் கையாலேயே செய்வேன். கேஸ் இணைப்பு மட்டும் நான் செய்வதில்லை. அதற்கென்று தகுதிச் சான்று பெற்றவர்கள் இருக்கிறார்கள். ஆகவே கேஸ் பற்றிச் சொல்லும் இடத்தில் பாதுகாப்பு விதிகளோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு. இதில் சந்தேகத்துக்கே இடமில்லை, இது இயற்பியல். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி செல்சியஸ் சூடாக்க 1.163 வாட்-அவர் வேண்டும். எந்தக் கம்பெனி ஹீட்டர் வாங்கினாலும் இந்த எண் குறையாது. உங்கள் டேங்கின் 20 லிட்டரை 25 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுபோக 20 × 35 × 1.163, அதாவது சுமார் 814 வாட்-அவர். இன்வெர்ட்டரில் பத்து சதவீதம் போகும் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 900 வாட்-அவர் எடுக்க வேண்டும். 12 வோல்ட்டில் அது 75 ஆம்ப்-அவர். லெட் ஆசிட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் வேகமாகக் குறையும் என்பதால் உங்கள் 220-இல் நிம்மதியாக எடுக்கக்கூடியது 110 மட்டும்தான். ஒரே ஒரு தடவை டேங்கைச் சூடாக்கினால் அதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். ஃப்ரிட்ஜ் இன்னும் வாயே திறக்கவில்லை.

அது மட்டுமில்லை. அந்த 75 ஆம்ப்-அவரும் நாற்பது நிமிடத்தில், அதாவது சுமார் 110 ஆம்பியர் இழுவையில், உறிஞ்சப்படுகிறது. லெட் ஆசிட் பேட்டரியின் மேல் எழுதியிருக்கும் கொள்ளளவு 20 மணி நேரத்தில் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. வேகமாக எடுக்க எடுக்கக் கிடைப்பது குறையும். 1897-இலேயே பாய்கெர்ட் என்ற ஜெர்மானியர் இதை ஒரு சூத்திரமாக எழுதிவைத்தார், இன்றும் பேட்டரி மானிட்டர்களில் அவர் பெயரில்தான் அந்த எண்ணை உள்ளிடுகிறோம். உங்கள் 220 ஆம்ப்-அவர் பேட்டரி, 110 ஆம்பியர் இழுவையில் கிட்டத்தட்ட 140 ஆம்ப்-அவர் பேட்டரி போலத்தான் நடந்துகொள்ளும். வோல்ட்டேஜ் சரியும், இன்வெர்ட்டர் பாதியிலேயே கத்தி நின்றுவிடும். தண்ணீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

இந்தச் செலவைத் திருப்பிப் போட 200 வாட் பேனலால் முடியுமா? டெக்கில் படுக்கையாகக் கிடக்கும் பேனல் நல்ல வெயில் நாளில் 600 முதல் 800 வாட்-அவர் தரும். பாய்மரத்தின் நிழலும், பாயின் அடியில் படுக்கையாக ஓடும் பூம் என்ற கட்டையின் நிழலும் விழுந்தால் அதிலும் கணிசமாகக் குறையும். பேனலில் ஒரு ஓரம் மறைந்தாலே மொத்தமும் சுருண்டுவிடுவது பலருக்குத் தெரிவதில்லை. ஃப்ரிட்ஜ் ஒன்றுக்கே ஒரு நாளைக்கு 400 முதல் 600 வாட்-அவர் ஆகும். மிச்சத்தை வைத்து டேங்கைச் சூடாக்குவது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

மின்சாரத்துக்கும் வெப்பத்துக்கும் படகில் ஒரே மதிப்பு இல்லை. மின்சாரத்தைச் சேர்த்துவைப்பது கடினம், விலை அதிகம், எடையும் அதிகம். விளக்கு, ரேடியோ, ஆட்டோபைலட், ஃப்ரிட்ஜ் இவற்றுக்கு அது இல்லாமல் வேலை நடக்காது. வெப்பம் அப்படியில்லை. அது உங்கள் படகில் ஏற்கனவே வீணாகிக்கொண்டிருக்கிறது. டீசல் இன்ஜினில் எரியும் எரிபொருளின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ப்ரொப்பெல்லரைச் சுற்றுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது, மற்றொரு பங்கு கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம், வழியாகக் கடலுக்குப் போகிறது. கடலுக்குப் போகும் அந்தப் பங்கைப் பிடித்து டேங்குக்குள் விடுவதுதான் படகுக்காரர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வழி. உங்கள் டேங்கின் பக்கவாட்டில் மூடிபோட்ட இரண்டு குழாய் முனைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படகுக்கென்று செய்த டேங்குகளில் பெரும்பாலும் இருக்கும். உள்ளே ஒரு சுருள் குழாய் ஓடுகிறது என்று அர்த்தம். இன்ஜின் கூலன்டை அந்தச் சுருள் வழியாகச் சுற்றவிட்டால் அரை மணி முதல் ஒரு மணி நேர ஓட்டத்தில் 20 லிட்டரும் சூடாகிவிடும். தனியாக ஒரு சொட்டு டீசல் செலவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, உங்கள் இன்ஜின் எந்த வகைக் குளிர்விப்பு என்பது. மூடிய சுற்றில் நன்னீர்-கூலன்ட் ஓடும் இன்ஜின் என்றால் 75 முதல் 85 டிகிரி வரை கிடைக்கும். கடல்நீரையே நேராகச் சுற்றவிடும் பழைய இன்ஜின் என்றால் உப்பு படியாமல் இருக்க, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 55, 60 டிகிரியிலேயே வைத்திருப்பார்கள். டேங்கும் அதற்கு மேல் போகாது. குளிக்க அதுவே தாராளம்தான். மூடிய சுற்றாக இருந்து, டேங்க் இன்ஜினின் கூலன்ட் மூடியைவிட உயரத்தில் இருந்தால், அதற்கும் மேலே தனியாக ஒரு சின்ன கூலன்ட் தொட்டி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுருளில் காற்று மாட்டிக்கொண்டு ஓட்டமே நடக்காது. ‘ஹோஸ் மாட்டினேன், இன்ஜின் கொதிக்கிறது, டேங்க் சில்லென்று இருக்கிறது’ என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை இந்தக் காற்றுதான்.

டேங்கின் சூடு திருட்டுப்போகும் வழி ஒன்றும் உண்டு. இன்ஜினை நிறுத்திய பிறகு டேங்கின் சூடு அதே ஹோஸ் வழியாகத் திரும்பி இன்ஜினுக்கே போய்விடும். சூடான கூலன்ட் லேசாகி மேலேறும், குளிர்ந்தது கீழிறங்கும், பம்ப்பே இல்லாமல் அதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மாலையில் கை வைக்க முடியாத சூட்டில் இருந்த டேங்க் காலையில் ஆறிக் கிடக்கும், குறை டேங்கின் வெப்பக்காப்பு உறையில் என்று நினைத்து வேறு டேங்க் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஹோஸைச் சுருளிலிருந்து நேரே மேலேற்றாமல் முதலில் ஓரடி கீழே இறக்கிப் பிறகு கொண்டுபோனாலே பாதிக்கு மேல் அடங்கிவிடும். அல்லது ஒரு வழி வால்வ் போடலாம். அப்படியும் ஆறினால் அப்புறம் உறையைப் பற்றி யோசிக்கலாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். வெந்நீருக்காக மட்டும் நங்கூரத்தில் நின்றபடி இன்ஜினைச் சும்மா ஓடவிடாதீர்கள். டீசல் இன்ஜின் சுமையில்லாமல் மெதுவாக ஓடினால் சரியான சூட்டுக்கே வராது. சிலிண்டர் சுவர் வழவழப்பாகி, கரி படிந்து, எண்ணெய் குடிக்க ஆரம்பிக்கும். தண்ணீரும் மெதுவாகத்தான் சூடாகும். நங்கூரம் எடுத்து இடம் மாறும்போதோ, காற்று விழுந்து இன்ஜின் போடும்போதோ கிடைப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். ஓட்டித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் முழு வேகத்தில் பேட்டரியை நிரப்புகிற நேரமாகப் பார்த்து ஓட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் சூடும் கிடைக்கும், சார்ஜும் கிடைக்கும்.

ஆனால் நீங்கள் வாரக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கப் போகிறீர்கள். அந்த நாட்களில் இன்ஜின் சூடு இருக்காது. அதற்கு என் பதில் பலருக்கு ஏமாற்றமாக இருக்கும்: கெட்டில். டேங்கை மறந்துவிட்டு உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வெந்நீர் வேண்டும் என்று பாருங்கள். அடுப்பில் இரண்டு லிட்டரைக் கொதிக்க வைத்து, 25 டிகிரியில் இருக்கும் எட்டு லிட்டர் பச்சைத் தண்ணீரில் விளாவினால் பத்து லிட்டர், சரியாக 40 டிகிரி. உடம்பை நனைத்து, நிறுத்தி, சோப்பு போட்டு, மறுபடி அலசுகிற முறையில் ஒருவர் தாராளமாகக் குளிக்க அது போதும். தோட்டத்துக்கு மருந்தடிக்கும் கைப்பம்ப்பில், புதிதாக வாங்கியதில், மருந்து ஊற்றாததில், இந்த விளாவிய தண்ணீரை ஊற்றி ஷவர் போலக் குளிக்கிறவர்கள் நிறையப் பேர். அழுத்தம் நன்றாக இருக்கும், தண்ணீர் இன்னும் குறைவாகச் செலவாகும். அந்த இரண்டு லிட்டரைக் கொதிக்க வைக்க ஆகும் கேஸ் சுமார் 30 கிராம். இரண்டு பேருக்கு 60 கிராம். ஐந்து கிலோ சிலிண்டர் குளியலுக்கு மட்டும் என்றால் எண்பது நாள் வரும். பேட்டரியில் 75 ஆம்ப்-அவரைக் காலி செய்வதையும் இந்த 60 கிராமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

டேங்கிலிருந்து குழாய்க்கு வரும் வழியையும் ஒருமுறை அளந்து பாருங்கள். 13 மில்லிமீட்டர் உள் விட்டமுள்ள ஹோஸ் ஆறு மீட்டர் ஓடினால் அதற்குள் 800 மில்லி தண்ணீர் நிற்கிறது. குழாயைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் வெந்நீர் வருவதற்கு முன் அந்த 800 மில்லி குளிர்ந்த நீர் வந்தாக வேண்டும், மூடிய பிறகு அதே அளவு வெந்நீர் ஹோஸில் நின்று ஆற வேண்டும். கை கழுவ அரை லிட்டர் வெந்நீர் கேட்டால் அது வந்தே சேராது. அதனால் பாத்திரம் கழுவுவதற்கும் முகம் கழுவுவதற்கும் டேங்கைத் தொடாதீர்கள். காலையில் கெட்டில் கொதிக்கும்போது ஒரு நல்ல ஃப்ளாஸ்க்கை நிரப்பி வைத்துவிட்டால் ராத்திரி வரை அந்தத் தேவை தீர்ந்தது. முதலில் வரும் குளிர்ந்த நீரை ஒரு சொம்பில் பிடித்துக் கெட்டிலுக்கு ஊற்றுங்கள். கடலில் நன்னீரும் சேமிப்புக் கணக்குதான்.

வெயில் இருக்கும் இடம் என்றால் கறுப்புப் பை. 20 லிட்டர் பிடிக்கும் கறுப்பு ஷவர் பையை டெக்கில் படுக்க வைத்தால் கால் சதுர மீட்டர் அளவுக்கு வெயிலைப் பிடிக்கும். நல்ல வெயிலில் மூன்று மணி நேரத்தில் தண்ணீர் பதினைந்து முதல் இருபது டிகிரி ஏறும், 20-இல் இருந்தது குளிக்கும் சூட்டுக்கு வந்துவிடும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சோலார் பேனல் தன் மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் மின்சாரமாக்குகிறது. கறுப்புப் பை பாதிக்கு மேல் வெப்பமாகவே வாங்கிக்கொள்கிறது. வெயிலை மின்சாரமாக்கி, பேட்டரியில் போட்டு, இன்வெர்ட்டரில் ஏற்றி, மறுபடி வெப்பமாக்குவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. பையைத் தூக்கி மாட்டுவதற்கு முன் கயிற்றைச் சரிபாருங்கள், 20 கிலோ எடை அது, படகு ஆடும்போது தலைக்கு மேல் தொங்கப் போகிறது.

குளிர் பிரதேசத்தில் பயணம் செய்கிறீர்கள் என்றால் டீசலில் எரியும் ஹீட்டர் யோசிக்கத் தக்கது. வெபாஸ்டோ, எபர்ஸ்பேக்கர் போன்றவர்கள் செய்யும் தண்ணீர்ச் சுற்று மாடல்களை அதே சுருளில் இணைத்து டேங்கைச் சூடாக்கலாம், கேபினையும் கதகதப்பாக்கலாம். உங்கள் டேங்கை ஒருமுறை சூடாக்க ஆகும் டீசல் ஏறக்குறைய நூறு மில்லி. மின்சாரமும் சிறிதுதான், ஆனால் பற்றவைக்கும் சில நிமிடங்களில் மட்டும் அதிகமாக இழுக்கும், பேட்டரி பலவீனமாக இருந்தால் பற்றாமலே நின்றுவிடும். கேபின் சூடு தேவையில்லாத இடத்தில் வெந்நீருக்காக மட்டும் இதை வாங்கச் சொல்ல மாட்டேன். கால் மணி நேரம் ஓடி நிற்பதும் மறுபடி பற்றுவதுமாக இருந்தால் உள்ளே கரி படியும். நீண்ட நேரம் முழு வேகத்தில் ஓடினால்தான் அது சுத்தமாக இருக்கும்.

கேஸ் இன்ஸ்டன்ட் ஹீட்டர் பற்றி எப்படியும் யாராவது உங்களிடம் சொல்லத்தான் போகிறார்கள். சூட்டைப் பொறுத்தவரை அது மிகச் சிக்கனம், திறந்த உடனே வெந்நீர். ஆனால் படகு என்பது அடியில் ஓட்டையில்லாத கிண்ணம். அடுப்பு கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிக்குழியான பில்ஜுக்குள் இறங்கித் தேங்கும், வெளியே போக வழியில்லை. அதனால்தான் சிலிண்டர் வைக்கும் பெட்டிக்குத் தனிக் கதவு, அடியில் நேரே கடலுக்கு வெளியே போகும் வடிகால் என்று விதி வைத்திருக்கிறார்கள். சிறு படகுகளின் கேஸ் அமைப்புக்கென்றே ஐ.எஸ்.ஓ 10239 என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. ஹீட்டரே வாங்குவதென்றால் எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து எடுத்துப் புகையை வெளியிலேயே விடும் மூடிய அறை வகை மட்டும். புகைக்குழாய் இல்லாத பழைய வகையைக் குளியலறையில் வைத்துக் கதவைச் சாத்திக் குளிப்பது உயிரோடு விளையாடுவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் என்றுதான் ஆரம்பிக்கும். படகில் இருக்கிறவர் அதைக் கடல் நோய் என்று நினைத்துப் படுத்துக்கொள்வார், அதுதான் பயங்கரம். கெட்டில் வழிக்குப் போனாலும் அடுப்பு எரியும்போது டெக்கில் உள்ள திறப்பான ஹேட்ச் திறந்திருக்கட்டும், படுக்கும் இடத்தில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டியிருக்கட்டும். இந்த ஒரு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன்.

பெட்ரோலில் ஓடும் கையடக்க ஜெனரேட்டருக்கும் இதே எச்சரிக்கை. அதன் புகை காற்று திரும்பினால் ஹேட்ச் வழியாக உள்ளே வரும், பெட்ரோல் ஆவியும் கேஸைப் போல கீழே இறங்கும். டெக்கில், காற்று போகும் பக்கமாக, எல்லா ஹேட்சையும் மூடிவிட்டு மட்டும். பக்கத்துப் படகுக்காரருக்கும் மூக்கு இருக்கிறது.

இனி நீங்கள் வேண்டும் என்றே மின்சாரத்தில் சூடாக்க விரும்பினால், அதுவும் இன்று சாத்தியம்தான். ஆனால் அடிப்படையே மாற வேண்டும். லித்தியம் பேட்டரி, அதுவும் படகுக்கு ஏற்ற லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகை, எண்பது சதவீதம் வரை தயங்காமல் கொடுக்கும், வேகமாக இழுத்தாலும் சுருங்காது. 500, 600 வாட் சோலாரும் 200 ஆம்ப்-அவர் லித்தியமும் இருந்தால் நல்ல வெயில் நாளில் நண்பகலுக்குள் பேட்டரி நிரம்பிவிடும். அதற்குப் பிறகு பேனல் தரக்கூடியது எல்லாம் வீண். அந்த மிச்சத்தைத் தண்ணீரில் போடுவது நியாயமான வேலை. அப்போதும் 1200 வாட் எலிமென்ட் பெரிது, அதைக் கழற்றிவிட்டு 300 முதல் 500 வாட் எலிமென்ட் போடுங்கள். மூன்று மணி நேரத்தில் மெதுவாகச் சூடாகட்டும், பேனல் தருகிற வேகத்துக்கு அது சரியாக இருக்கும், பேட்டரியைத் தொடாது. 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் எலிமென்ட்டும் கிடைக்கிறது. ஆனால் டேங்கோடு வந்த தெர்மோஸ்டாட் ஏ.சி.க்குச் செய்தது, டி.சி.யில் அதன் முனைகள் தீப்பொறி பறந்து ஒட்டிக்கொள்ளும், பிறகு நிற்கவே நிற்காது. நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச், வைத்தால்தான் ஆயிற்று.

இதில் இருவேறு கருத்து உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். மிச்ச வெயிலை நம்பி வெந்நீர் ஏற்பாடு செய்வது சரிதானா என்று என்னோடு வேலை பார்க்கிறவர்களே ஒத்துப்போவதில்லை. மேகமூட்டமான மூன்று நாள் வந்தால் மிச்சம் என்று ஒன்றே இருக்காது, குளிரில் நிற்கும்போதுதான் வெந்நீர் அதிகம் வேண்டியிருக்கும், அப்போதுதான் வெயிலும் இருக்காது. என் கருத்து, இது உபரி வசதியாக இருக்கலாம், ஒரே வழியாக இருக்கக் கூடாது. எத்தனை வருடத்தில் போட்ட பணம் திரும்பும் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் வருடத்தில் எத்தனை நாள் நங்கூரத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த விடை தலைகீழாக மாறும்.

லித்தியத்துக்கு மாறுவதில் சந்தேகமில்லாத ஆபத்து ஒன்று இருக்கிறது. லெட் ஆசிட் நிரம்ப நிரம்பத் தானாகவே கரண்டைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் கடைசி வரை கொடுத்ததையெல்லாம் விழுங்கும். மெதுவாகச் சுற்றும் இன்ஜினில் ஆல்டர்னேட்டரின் விசிறி சரியாகக் காற்றடிக்காது, ஆனால் கரண்ட் உச்சத்தில் இருக்கும், சுருள் கருகிவிடும். நடுவில் கரண்டை அளவோடு விடும் டி.சி-டு-டி.சி சார்ஜர் போடுங்கள், அல்லது ஆல்டர்னேட்டரின் சூட்டைப் பார்த்துக் குறைக்கும் வெளி ரெகுலேட்டர் போடுங்கள். பேட்டரிக்குள் இருந்து அதைக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ் திடீரென்று இணைப்பைத் துண்டித்தால் அந்த நொடியில் எழும் வோல்ட்டேஜ் ஆல்டர்னேட்டரின் டயோடுகளைக் கொல்லும் என்பதும் இதோடு சேர்ந்ததுதான். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒரு லெட் ஆசிட் பேட்டரியைத் தனியே விட்டுவையுங்கள், எது செத்தாலும் அது சாகக் கூடாது.

இன்வெர்ட்டர் எப்படியும் ஒன்று வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் இதைக் கேளுங்கள். ஒரு படகில் என்னைக் கூப்பிட்டார்கள், கிளம்பிய முதல் நாளே பேட்டரி செத்துவிட்டது என்று. காலை பத்து மணிக்குக் கரை கேபிளைக் கழற்றிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள், நண்பகலில் இன்வெர்ட்டர் கத்தியிருக்கிறது. புது பேட்டரி வாங்கப் பணம் எடுத்துவைத்துவிட்டார்கள். நான் போய் மூடியைத் திறந்து டேங்கின் மேல் கை வைத்தேன், சுட்டது. துறையை விட்டு வெளியே வர ஐந்து நிமிடம்தான் இன்ஜின் ஓடியதாம், மிச்சமெல்லாம் பாய். பிறகு இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? கரை மின்சாரம் போனதும் இன்வெர்ட்டர் தானாக அந்த இடத்தை எடுத்துக்கொண்டது, ஹீட்டர் சுவிட்ச் ஆனிலேயே இருந்தது, பேட்டரி முழுவதும் வெந்நீராகிவிட்டது. ஹீட்டர் லைனை இன்வெர்ட்டர் பக்கத்திலிருந்து கழற்றிக் கரை மின்சாரம் வரும் பக்கத்தில் மட்டும் போட்டேன். பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை. உங்கள் படகிலும் முதல் வேலையாக இதைப் பாருங்கள்.

அப்புறம் கேபிள். 110 ஆம்பியர் என்பது விளையாட்டில்லை. கேபிள் முனையில் போல்ட்டில் மாட்டும் உலோகக் காதான லக் சரியாக நசுக்கப்படாமல் நூறில் ஒரு ஓம் தடை இருந்தால்கூட அந்த ஒரு போல்ட்டில் 120 வாட் சூடு உண்டாகும். நான் கழற்றிய ஒரு லக்கில் சிவப்பு உறை பழுப்பாகி, நுனியில் தேன் போல உருகி வழிந்து உறைந்திருந்தது, செம்பு இழைகள் நீலம் பாரித்திருந்தன. அதற்கு அரை அடி தள்ளி மரப்பலகை. பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் வேண்டும், ஏ.பி.ஒய்.சி என்ற அமெரிக்கப் படகுத் தர அமைப்பு பொதுவாக ஏழு அங்குலத்துக்குள் என்கிறது. லித்தியம் என்றால் க்ளாஸ் டி (Class T) வகை ஃபியூஸ், ஏனென்றால் அதன் ஷார்ட் சர்க்யூட் கரண்டைச் சாதாரண ஃபியூஸ் அறுக்க முடியாமல் போகலாம். இன்வெர்ட்டரிலிருந்து வரும் 230 வோல்ட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி, அதாவது மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச், வையுங்கள். இன்வெர்ட்டர் மின்சாரம் கொடுக்கும்போது நியூட்ரலும் எர்த்தும் அதற்குள் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், இணையாவிட்டால் ஆர்.சி.டி. சும்மா அழகுக்கு இருக்கும், ஷாக் அடிக்கும்போது விழாது.

டேங்கைப் பற்றி இரண்டு விஷயம் விட்டுப்போனது. இன்ஜின் சூட்டில் தண்ணீர் 80 டிகிரி வரை போகும். 60 டிகிரி தண்ணீரே ஐந்து விநாடியில் தோலைச் சுட்டுவிடும். டேங்கின் வாயிலேயே குளிர்நீரைக் கலந்து விடும் தெர்மோஸ்டாட்டிக் மிக்ஸிங் வால்வ் போடுங்கள். அது பாதுகாப்பு மட்டுமல்ல, இருக்கிற 20 லிட்டரை முப்பத்தைந்து, நாற்பது லிட்டராக நீட்டித்தும் தரும். அதே சமயம் சூட்டைக் குறைவாக வைத்தும் விடாதீர்கள். லெஜியோனெல்லா கிருமி 20-க்கும் 45-க்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பில்தான் பெருகும், நாட்கணக்கில் தேங்கிய டேங்கை 60-க்கு ஒருமுறை கொண்டுபோய்விட்டுப் பயன்படுத்துவது நல்லது.

இன்னொன்று, டேங்க் சூடாகும்போது தண்ணீர் விரியும், 20 லிட்டருக்குக் கால் லிட்டருக்கு மேல். அது போக இடமில்லாமல் பாதுகாப்பு வால்வ் வழியாகச் சொட்டிப் பில்ஜில் விழும். பில்ஜ் பம்ப் அடிக்கடி ஓடுகிறது, படகு ஒழுகுகிறது என்று பயந்துபோன ஒருவரின் படகில், பில்ஜில் நின்றதை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு இல்லை. டேங்கின் அடியில் டார்ச் அடித்தபோது பித்தளை வால்வின் நுனியில் ஒரு சொட்டு திரண்டு நின்றது. விரியும் நீரை வாங்கிக்கொள்ளும் ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன் டேங்க் போட்டதும் நின்றுவிட்டது. எரிச்சலில் அந்த வால்வை மட்டும் அடைத்துவிடாதீர்கள், டேங்க் வெடிக்காமல் காப்பது அதுதான்.

காற்றாலை பற்றியும் கேட்டிருந்தீர்கள். காற்றின் வேகம் இரட்டித்தால் சக்தி எட்டு மடங்காகும், பாதியானால் எட்டில் ஒன்று. நல்ல நங்கூர இடம் என்று நாம் தேடிப் போவதே காற்று படாத இடம்தான், அங்கே அது சுற்றாது. கடல் கடக்கும் நீண்ட பயணத்தில் நீரில் இழுபடும் ஜெனரேட்டர் அருமையானது, மணிக்கு ஐந்து கடல் மைல் வேகத்தில் நூறு வாட் அளவு இரவும் பகலும் தரும். நின்றுகொண்டிருக்கும் படகுக்கு அதனால் பயனில்லை.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் டேங்கின் சுருளை இன்ஜினோடு இணைப்பேன், மிக்ஸிங் வால்வ் போடுவேன், ஒரு கறுப்புப் பையும் பெரிய ஃப்ளாஸ்க்கும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்குவேன். ஒரு மாதம் அப்படியே நின்று பார்த்துவிட்டு, மிச்சமிருக்கும் பணத்தில் சோலாரை இரட்டிப்பாக்குவேன், அது ஃப்ரிட்ஜுக்காகவாவது எப்படியும் வேண்டும். உங்கள் படகை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் கேபிள் தடிமனையும் ஃபியூஸ் அளவையும் இப்போதே சொல்ல மாட்டேன். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வைக்க நினைக்கும் இடத்துக்குக் கேபிள் போக வர எத்தனை மீட்டர், இன்ஜின் கடல்நீர்க் குளிர்விப்பா மூடிய சுற்றா, டேங்கில் அந்த இரண்டு குழாய் முனைகள் இருக்கின்றனவா என்று எழுதுங்கள். அளவுகளைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.